பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் பக்கத்து வீடு நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கிருந்த பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் ஒருமுறை வந்து பூட்டிவிட்டுப் போனதோடு சரி. சொத்தில் தகராறு என்று கேள்வி. தோட்டம் புதராகிவிட்டது, ஜன்னல்கள் உடைந்திருக்கின்றன, மாடித் தொட்டிக்கு மூடி இல்லை. தெருவில் போகிறவர்கள் குப்பைப் பையைச் சுவர் தாண்டி வீசுகிறார்கள். எலிகள் எங்கள் சமையலறை வரை வருகின்றன. கொசு தாங்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஓதம். சில நாட்களில் சாக்கடை வாடை. இரண்டு முறை புகார் கொடுத்தும், "தனியார் இடம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். சுவரேறிக் குதித்து எலி மருந்து வைத்து, புதரைக் கொளுத்திவிடலாம் என்கிறார் என் கணவர். வீட்டில் 6 வயது மகனும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். என்னதான் செய்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான்கு வருடப் புதருக்குள் என்ன கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. ஸ்பிரே டப்பா, பழைய பெயின்ட், பேட்டரி என்று எதுவும் கிடக்கலாம். சூடு ஏறினால் வெடிப்பவை இவை. பிளாஸ்டிக் எரிகிற புகை முதலில் நுழைவது உங்கள் ஜன்னலுக்குள்தான். மின் இணைப்பை யாராவது துண்டித்தார்களா என்பதும் தெரியாது. இதெல்லாம் போக, தீ வைத்த நாளோடு கதை தலைகீழாகிவிடும். இன்று வரை பாதிக்கப்பட்டவர் நீங்கள், மறுநாளிலிருந்து குற்றம் செய்தவர் நீங்கள். சுவரேறிக் குதிப்பதும் அப்படித்தான்.

எலி மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பரவலாக விற்கும் வகை, ரத்தம் உறையாமல் தடுத்துக் கொல்வது. தின்ற எலி அங்கேயே விழாது. சில நாள் நடமாடிவிட்டு, எங்காவது ஒரு சுவர் இடுக்கில் போய்ச் சாகும். அந்த இடுக்கு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அப்புறம் எந்த மூலையிலிருந்து நாற்றம் வருகிறது என்று ஒரு மாதம் தேட வேண்டியதுதான். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் அவற்றுக்கும் விஷம் ஏறும். நமக்காக ராத்திரியில் வேலை பார்க்கிற ஜீவன்களை நாமே கொன்றதாகிவிடும்.

சரி, உங்கள் புகார் ஏன் நகரவில்லை? இதை நான் சொல்லலாம், ஏனென்றால் பல வருடம் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். சுகாதார ஆய்வாளர் வேலை என்றால், சுருக்கமாக, அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. "பக்கத்து வீடு நாறுகிறது, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்று வரும் மனுக்களை நானும் அடியில்தான் வைத்திருக்கிறேன், மறைப்பதற்கில்லை. அதைப் படித்துவிட்டு எங்கே போவது, என்ன எடுத்துப் போவது, யாருக்கு நோட்டீஸ் எழுதுவது? ஒன்றும் பிடிபடாது. ஒருமுறை ஒரு பெரியவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். "என் மாடியின் வடக்கு மூலையில் நின்றால் அந்த வீட்டின் கறுப்புத் தொட்டி தெரியும். மூடி இல்லை. போன மாதம் பெய்த மழைத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அதில் புழு நெளிகிறது. காலை 11 மணிக்கு மேல் வந்தால் வெயில் பட்டு நன்றாகத் தெரியும்." அன்று மதியமே போனேன். போகாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் ஒரு பிரச்சினை இல்லை, ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, கேட்க வேண்டிய ஆள் வேறு, அவசரமும் வேறு. எல்லாவற்றையும் சேர்த்து "அந்தப் பாழாய்ப்போன வீடு" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் யாராலும் தூக்க முடியவில்லை. அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுப்போம்.

கண்ணில் உறுத்துவது குப்பைதான், ஆனால் நான் அதிலிருந்து தொடங்க மாட்டேன். தண்ணீரிலிருந்து தொடங்குவேன்.

கொசு எப்போது கடிக்கிறது? பகலில், அதுவும் காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும், சத்தமில்லாமல் வந்து கணுக்காலில் கடிக்கிறதா? கொசுவின் காலில் வெள்ளை வரி தெரிகிறதா? அப்படியானால் அது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். சுத்தமாகத் தேங்கிய தண்ணீரில் பெருகும். மூடி இல்லாத தொட்டி, தூக்கிப்போட்ட டயர், பூந்தொட்டித் தட்டு, அவ்வளவு ஏன், ஒரு பாட்டில் மூடித் தண்ணீர்கூட அதற்குப் போதும். அப்படியில்லாமல், ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் பெரும்பாலும் கியூலெக்ஸ். அதற்கு அழுக்குத் தண்ணீர் வேண்டும். உடைந்த செப்டிக் டேங்க், அடைத்த சாக்கடை அதன் இடங்கள். கடிக்கும் நேரத்தைக் கவனித்தாலே, அந்த வீட்டில் மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று பாதி தெரிந்துவிடும்.

ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். ஆகவே உங்களைக் கடிக்கிற கொசு உங்கள் வீட்டிலோ சுற்றியிருக்கும் சில வீடுகளிலோ பிறந்ததுதான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். முட்டை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் நீர் தொட்டதும் பொரியும். வெயிலில் தொட்டி காய்ந்துவிட்டது, இனி கவலை இல்லை என்று நினைக்கக் கூடாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டும்.

ஒரு தெரு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வரிசையாகக் காய்ச்சல். வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம், எல்லாத் தொட்டியும் மூடியிருந்தது. நடுவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. உங்கள் பக்கத்து வீடு மாதிரி இல்லை, வாசலில் ஒரு குப்பைகூட இல்லாமல் கண்ணாடி போல இருந்தது. யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. உறவினர் ஒருவர் சாவியோடு வந்து திறந்துவிட, மாடிக்குப் போனோம். தொட்டி காலி. சமையலறை காய்ந்து கிடந்தது. திரும்பப் போகிற நேரத்தில் கழிவறை ஃபிளஷ் தொட்டியின் மூடியைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். என் டார்ச் வெளிச்சம் பட்டதும் தண்ணீர் முழுக்கக் கொதிப்பது போல நெளிந்து அடியில் போனது. மூடியின் உள்பக்கத்தில் புதிதாகப் பிறந்த கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெளியே சுத்தமாக இருந்த அந்த வீடுதான் தெருவுக்கே காய்ச்சல் கொடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், பார்க்க அசிங்கமாக இருப்பதும் ஆபத்தாக இருப்பதும் ஒன்றல்ல.

இது எங்கோ ஒரு தெருவின் கதை மட்டும் இல்லை. 2007 கோடையில் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில், வீட்டுக் கடன் நெருக்கடியின்போது கவனிப்பாரில்லாமல் போன நீச்சல் குளங்கள் பாசி பிடித்துக் கொசு வளர்த்தன. அந்தக் கோடையில் அங்கே வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டவர்கள் எண்ணிக்கை 276 சதவீதம் கூடியதற்கும் அந்தக் குளங்களுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அடுத்தது அந்தச் சாக்கடை வாடை. கழிவறை, குளியலறை, சமையல் தொட்டி என்று ஒவ்வொன்றின் கீழும் குழாய் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். ஆள் இருக்கிற வீட்டில் தினமும் அது நிரம்பிவிடும். பூட்டிய வீட்டில் சில வாரங்களிலோ மாதங்களிலோ வற்றிவிடும். கதவு திறந்தாயிற்று. காற்று வரும், கரப்பான் வரும், எலியும் அந்த வழியாக வரும். பூட்டிய வீட்டுக்கு இப்படி இரண்டு பக்கமும் இடி. தண்ணீர் நின்ற இடத்தில் கொசு, வற்றிய இடத்தில் வாடை. இதற்குத் தீர்வு சிரிப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு குவளைத் தண்ணீரை விட்டு, மேலே சில கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் போதும். எண்ணெய் மிதந்து, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். கழிவறைக் கோப்பையை மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒட்டிவிடலாம். சாவி வைத்திருப்பவர் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கிற வேலை. ஆனால் வாடை தோட்டப் பக்கமிருந்து வந்தால் செப்டிக் டேங்க் மூடி உடைந்திருக்கலாம். அதன் கிட்டே யாரும் போக வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு அளவுக்கு மேல் போனால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். வாடை போய்விட்டது என்று தோன்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பந்து எடுக்க அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உங்கள் மகனிடம் இன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எலிக்கு வருவோம். இங்கே என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில், இதே மாதிரி ஒரு பாழடைந்த வீட்டுப் புதரை ஒரே நாளில் வெட்டித் தள்ள ஏற்பாடு செய்தேன். தெருவே பாராட்டியது. மூன்றாம் நாள் அதே தெரு என்னைத் திட்டியது. இருப்பிடம் போன எலியெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் குடியேறிவிட்டன. அதிலிருந்து நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் நம் வீட்டை அடைக்க வேண்டும், அப்புறம்தான் பக்கத்துப் புதரில் கை வைக்க வேண்டும்.

அதை நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம், யார் அனுமதியும் வேண்டாம். ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை வெளிப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும். 6 மில்லிமீட்டர் இருந்தால் அதற்குப் போதும். குழாய் சுவருக்குள் போகும் இடம், கதவின் அடி இடுக்கு, சமையலறை வடிகால், ஏசி குழாய் போகும் ஓட்டை, எல்லாவற்றையும் பாருங்கள். சுவரோரமாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிக் கறுப்புத் தடம் தெரிந்தால் அதுதான் எலியின் நடைபாதை. ஓட்டையில் இரும்பு நார் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். துணி, பஞ்சு, ஃபோம் வைத்து அடைத்தால் ஒரே ராத்திரியில் கடித்துத் தள்ளிவிடும். பொறி வைப்பதானால் சுவரோரம் வையுங்கள், நடு அறையில் வைத்தால் எலி சீண்டாது.

புழுக்கை கிடக்கும் இடத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனரும் போடாதீர்கள். தூசியோடு கிருமி பறந்து மூச்சில் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, கையுறை போட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள். அந்த பிளீச்சோடு கழிவறை ஆசிட்டையோ அம்மோனியா கலந்த கிளீனரையோ சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். ஒரே பக்கெட்டில் எல்லாவற்றையும் ஊற்றினால் பலம் கூடும் என்று நம்புகிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு.

ஓதத்தில் அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம். ஒரு சாண் அலுமினியத் தாளை அந்தச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது உங்கள் வீட்டுக் காற்றின் ஈரம், பக்கத்து வீட்டைக் குறை சொல்ல முடியாது. சுவருக்குள்ளிருந்துதான் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் கூடினால் கூரையோ மழைநீர்க் குழாயோ காரணம். மழையே இல்லாத நாட்களிலும் ஒரே மாதிரி இருந்தால் உள்ளே ஏதோ ஒரு குழாய் சத்தமில்லாமல் கசியலாம். தண்ணீர் வரும் குழாய் என்றால், வெளியே உள்ள பிரதான வால்வை அடைத்தாலே அது நின்றுவிடும்.

குப்பையைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், அதைப் போடுவது அந்த வீடு இல்லை. போடுவது நம் தெரு. சுத்தமான இடத்தில் முதல் பையை வீச எல்லோருக்கும் கை கூசும், ஏற்கெனவே பத்துப் பை கிடக்கும் இடத்தில் யாருக்கும் கூசாது. அக்கம்பக்கத்தில் நான்கு பேரைச் சேர்த்து, சுவருக்கு வெளியே தெருப்பக்கம் கிடப்பதை ஒரு நாள் அள்ளிவிட்டு, அங்கே ஒரு விளக்கு எரிய ஏற்பாடு செய்யுங்கள். நூற்றுக்கு நூறு நிற்காது, ஆனால் குறையும். போர்டு வைத்துத் திட்டுவதால் குறைந்து நான் பார்த்ததில்லை.

இனி உரிமையாளர். புகாருக்கு முன் இவரைப் பிடிக்க முயலுங்கள் என்பேன். பூட்டிய வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பொல்லாதவர்கள் இல்லை, அலுத்துப்போனவர்கள். அண்ணன் செலவழிக்கட்டும் என்று தம்பியும், தம்பி கையெழுத்துப் போடட்டும் என்று அண்ணனும் காத்திருப்பார்கள். யார் வீட்டைத் தொட்டாலும் மற்றவர் சந்தேகப்படுவார். அதனால் யாரும் தொடுவதில்லை. அவர்களிடம் "உங்கள் வீட்டால் எங்கள் நிம்மதி போச்சு" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவார்கள். அவர்கள் சொத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்லுங்கள், காது கொடுப்பார்கள். முகவரி தெரியாவிட்டால் பழைய தபால்காரர், பெரியவரோடு பழகியவர்கள், கடைசியாக வாடகைக்கு இருந்தவர் ஆகியோரைக் கேட்கலாம். சொத்து வரி யார் பெயரில் போகிறது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்கலாம். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். நாங்கள் உங்கள் அப்பாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறோம். அப்பா எங்களோடு நன்றாகப் பழகியவர். வீட்டின் இப்போதைய நிலை உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். மாடித் தொட்டியின் மூடி போய்விட்டது, தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. இரண்டு ஜன்னல்கள் உடைந்து மழை உள்ளே அடிக்கிறது. பொதுச் சுவரில் ஈரம் இறங்குவதால் உங்கள் பக்கமும் சேதமாகும். படங்கள் இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு மூன்று வேலை போதும்: தொட்டியைக் காலி செய்து கவிழ்ப்பது, தண்ணீர் வால்வையும் மின் இணைப்பையும் நிறுத்துவது, ஜன்னல்களைப் பலகை வைத்து அடைப்பது. நீங்கள் வர முடியாவிட்டால் நம்பிக்கையான ஆள் ஒருவரை அனுப்புங்கள். அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்தால் உங்கள் செலவில் நாங்கள் ஆள் வைத்துச் செய்து படம் அனுப்புகிறோம். 15 நாட்களுக்குள் ஒரு பதில் எழுதினால் உதவியாக இருக்கும்."

கேட்பது மூன்றே வேலை என்பதைக் கவனியுங்கள். "வீட்டைச் சரிசெய்யுங்கள்" என்றால் அவர்கள் கண்முன் லட்சக்கணக்கில் செலவு தெரியும், பயந்து ஒதுங்குவார்கள். பூட்டிய வீட்டை ஆபத்தில்லாமல் மூடி வைக்க ஒரு நாள் வேலை போதும். வாரிசுகள் மூன்று பேர் என்றால் மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று அடியில் எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் நீங்களும் அவர்கள் சண்டையில் ஒரு கட்சியாகிவிடுவீர்கள்.

பதில் வராவிட்டால் மறுபடி அலுவலகம்தான், இந்த முறை வேறு மாதிரி. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்: எப்போது வாடை, எப்போது எலி, யாருக்குக் காய்ச்சல். உங்கள் மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ மட்டும் படம் எடுங்கள். கொசுவுக்கும் எலிக்கும் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு மனு. சுவரோ கூரையோ சாய்ந்திருந்தால் கட்டடப் பிரிவுக்கு வேறொரு மனு. தொங்கும் மின்கம்பிக்கு மின் துறை. ஒவ்வொன்றிலும் இடம், பொருள், எத்தனை நாளாக என்பது இருக்க வேண்டும். உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வையுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். "தனியார் இடம்" என்று மறுபடி சொன்னால், "சரி ஐயா, அதையே எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வாயால் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், பைலைத் திறந்து பார்ப்பார்கள்.

தனியார் இடம் என்றால் தலையிட முடியாது என்பதும் சரியான பதில் இல்லை. பக்கத்து வீடு இடிந்து விழும் போலிருந்தால், வரப்போகும் சேதத்துக்கு முன்கூட்டியே பிணை கேட்கும் உரிமை ரோமானியச் சட்டத்திலேயே இருந்தது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் திரட்டில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு. பிணை தர மறுத்தால் கேட்டவரையே அந்த வீட்டில் குடியேற்றிப் பொறுப்பைக் கொடுக்க அதிகாரிக்கு வழி இருந்தது. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே 2014இல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். ஆபத்தான நிலையில் விட்ட வீட்டுக்கு நிலவரிச் சலுகையை ரத்து செய்யலாம், கடைசியில் உள்ளாட்சியே இடித்துவிட்டு உரிமையாளரிடம் செலவை வசூலிக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டத்தின் பெயர் வேறாக இருக்கும், ஆனால் பொதுத் தொல்லை என்ற பிரிவு ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினால் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவார். வழக்கு வரை போவதை நான் கடைசியில்தான் வைப்பேன். வக்கீல் நோட்டீஸ் ஒன்றே பல வாரிசுகளை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறது.

உரிமையாளர் சாவியைக் கொடுத்துவிட்டால் உற்சாகத்தில் தனியாக உள்ளே போய்விடாதீர்கள். எழுத்தில் அனுமதி, கூட ஒரு ஆள், பூட்ஸ் (கெட்டிச் செருப்பு போதாது), கையுறை, முகக்கவசம். எலி இருந்த இடத்தில் பாம்பும் இருக்கலாம் என்று நினைத்தே புதரில் கால் வையுங்கள், கோலால் தட்டிக்கொண்டு போங்கள். புறா, வவ்வால் எச்சம் அடுக்கடுக்காகக் கிடந்தால் அதைத் தொட வேண்டாம். அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும், தெரிந்த ஆட்களை வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

மாமியாருக்கும் மகனுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. வீட்டில் யாருக்காவது திடீரென்று கடும் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் "பக்கத்தில் கொசு வளரும் வீடு இருக்கிறது, எலித் தொல்லை இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போனால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும். சொன்னால்தான் அதற்கான சோதனை எழுதுவார்கள். டெங்கு சந்தேகம் தீரும் வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கொடுக்க வேண்டாம், ரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் அளவோடு கொடுக்கலாம்.

இந்த வாரத்துக்கு இரண்டே வேலை: பென்சிலோடு வீட்டைச் சுற்றுவது, வாரிசுகளின் முகவரி தேடுவது. கொசு காலையில் கடிக்கிறதா இரவிலா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சுகாதாரப் பிரிவுக்குக் கொடுக்கும் மனுவில் மாடித் தொட்டியை முதலில் போடுவதா, செப்டிக் டேங்கையா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.